விட்டுவிட்டுப் போட்ட கோடு

அந்தச் சனிக்கிழமை காலை மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற தாசில்தார் அருணகிரி முதலியார். அவருடைய ஒரே மகனும் பூகர்ப்ப இலாகாவில் உதவி அதிகாரியுமான மாசிலாமணி. தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய அத்தை அபரஞ்சி. மாசிலாமணியோடு ஒரே பெஞ்சில் படித்து, இப்போது ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் வேலை பார்க்கும் இனாயத். எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா அம்பி. கூடத்து வாசற்படியில் துடைப்பத்தோடு வேலைக்காரி பச்சையம்மா. இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் அத்தனை பேரும் அளந்தது கதை.

இனாயத் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"சொல்லுப்பா. கல்லுக்கு என்னா வயசு?" என்றார் முதலியார்.

"எழுநூறு கோடி வருஷம் வருதுங்க ஐயா."

முதலியார் பெருமையோடு மீசையைத் தடவினார். பெரிய எண்ணாக இருந்தது. பெரியதெல்லாம் நல்லதென்று அவர் நினைத்தார். மாசிலாமணி மட்டும் எழுந்து நின்றுவிட்டான்.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"எழுநூறு. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன் மணி."

அம்பிக்கு மூக்கில் வியர்த்தது. "ஏன் சார், இந்த பூமிக்கே உங்க சாஸ்திரத்துலே என்ன வயசு சொல்றா?"

இனாயத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இருநூறு கோடிங்கறாங்க. மிஞ்சிப் போனா முந்நூறு."

"பேஷ்! அப்போ அம்மாவைக் காட்டிலும் பிள்ளைக்கு வயசு ஜாஸ்தி! முதலியார்வாள், உங்காத்துலே அதிசயம் நடந்திருக்கு, போங்கோ!"

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாத்துக்குத் தம்பி அந்தக் கல்லுக்கு வயசு பார்க்கணும்? அதுக்கு இன்னா கல்யாணமா கட்டி வெக்கப் போறீங்க?"

அபரஞ்சியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். சனிக்கிழமையாதலால் பூஜை அறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், விரல்நுனிகள் சிவந்திருந்தன. பிறகு மாசிலாமணியின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் செத்துப் போயிருந்தது.

அவனுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகளில் அவன் மூன்று குளிர்காலம் சுற்றியிருக்கிறான். பாதை கிடையாது. ஓடைதான் பாதை. சுத்தியல், திசைகாட்டி, ஒரு கட்டு வண்ணப் பென்சில், கொயினா மாத்திரை, இவைதான் ஆஸ்தி. ஓடையிலே தலைகாட்டும் பாறையைத் தட்டி உடைத்துப் பார்ப்பான். இன்ன பாறை என்று தெரிந்ததும் தேசப்படத்தில் அந்த இடத்துக்கு அதற்குரிய நிறத்தைத் தீட்டுவான். ஒரு பாறை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் கோடு போடுவான். கண்ணால் கண்ட எல்லையென்றால் அழுத்தமான கோடு. ஊகித்த எல்லையென்றால் விட்டுவிட்டுப் போட்ட கோடு. படம் போடுகிறவன் எவ்வளவு மெய்யன் என்பது அந்தக் கோட்டில் தெரியும். மாசிலாமணி ஒரே ஒரு நீளக் கோட்டை, மலைக்குத் தெற்கிலிருந்து வடக்கே ஆறு வரைக்கும், கொஞ்சமும் விடாமல் அழுத்திப் போட்டிருந்தான். ஒவ்வொரு அடியையும் கால் வைத்து நடந்து பார்த்துவிட்டுப் போட்ட கோடு அது.

கோட்டுக்கு மேற்கே கறுப்புப் பாறை. நம் பரங்கிமலையில் இருக்கிறதே, அந்த ஜாதி. கிழக்கே சாம்பல் நிறப் பாறை. மேற்கே உள்ளது மிகப் பழையது, கிழக்கே உள்ளது பின்னால் வந்தது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றான் மாசிலாமணி. கல்கத்தாவிலிருந்த அவன் வெள்ளைக்கார மேலதிகாரி, மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர், எல்லாம் ஒரே பாறைதான், நிறம்தான் மாறுகிறது, எல்லை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்றார். துரை சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது குளிர்காலத்தின் கடைசியில் அந்தக் கல் அகப்பட்டது. கறுப்புப் பாறையைக் கீறிக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு ஓடி, சரியாக அவன் கோட்டருகில் வந்து அறுந்து நின்றது. அந்த நரம்புக்குள்ளே முஷ்டியளவு ஒரு கறுப்புப் படிகம். கையில் எடுத்தபோது தோள் இறங்கியது; அவ்வளவு கனம். அதில் யுரேனியம் இருந்தது. யுரேனியம் யுகயுகமாக, ஒரே நிதானத்தில், ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. கல்லில் யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்தால் கல்லின் வயது வந்துவிடும். சாம்பல் பாறையின் வயது ஐம்பது கோடி என்று வேறோர் இடத்தில் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். வெள்ளை நரம்புக்கு நூறு கோடி என்று வந்தால் போதும். அது கீறிய கறுப்புப் பாறை அதைவிடப் பழையது, எல்லை உண்மை, கோடு நிற்கும். துரையே சம்மதித்தார்: கல்லின் வயது உன் கட்சி பேசினால் படம் உன் பெயரில் உன் கோட்டோடு அச்சாகட்டும்.

இப்போது கல் எழுநூறு கோடி என்று பேசியது. எழுநூறு கோடி என்பது வயதல்ல, கேலி.

"வேலை தெரியாதவன் கையில குடுத்தா இப்படித்தான்" என்றார் முதலியார். அவருடைய பெருமை கோபமாக மாற வெகுநேரம் ஆகவில்லை.

இனாயத் எழுந்தான். முகம் சிவந்திருந்தாலும் குரல் உயரவில்லை. "ஐயா, நான் பொய் சொல்றதா இருந்தா நம்பற மாதிரி ஒரு பொய் சொல்லியிருப்பேன். நூத்திப் பத்து கோடின்னு சொன்னா உங்க பிள்ளையும் சந்தோஷப்படுவான், நானும் காப்பி குடிச்சுட்டுப் போயிருப்பேன்."

"நைனா, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான் மாசிலாமணி.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலே. கணக்கைத்தான் சொன்னேன்" என்றார் முதலியார்.

அம்பி தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான். சாயங்காலத்துக்குள் சேதி கோயில் குளத்தைச் சுற்றி வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கல்லில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது. அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? கல்லூரிக்குப் போய் இனாயத்தோடு உட்கார்ந்தான். அமிலத்தில் இருக்கலாம் என்று கல்லே போடாமல் வெறும் அமிலத்தைக் காய்ச்சிப் பார்த்தார்கள், ஈயம் இல்லை. கண்ணாடிக் குடுவைகளை மாற்றினார்கள்; இல்லை. தராசை வேறு தராசோடு ஒத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. இடித்த பொடியில் மிச்சமிருந்ததைப் போட்டு மறுபடி பார்த்தார்கள், அதே எழுநூறு. அதோடு பொடியும் தீர்ந்தது. சராசரி நன்றாகக் கிடைக்கும் என்று இருவருமாக யோசித்து முழுக் கல்லையும் இடித்துவிட்டிருந்தார்கள். அதை நினைக்க நினைக்க மாசிலாமணிக்குத் தன் கையையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன் பெட்டியில துப்பாக்கிக் குண்டு கிண்டு வெச்சிருந்தியா?" என்று இனாயத் கேட்டான்.

"துப்பாக்கியே கிடையாதுப்பா. கரடி வந்தா மரத்துல ஏறுறதுதான் நம்ம இலாகா வழக்கம்."

"பெட்டிக்கு ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருக்கான் பாரு, அது?"

"கல்லைப் பஞ்சுல சுத்தி, பஞ்சைத் துணியில சுத்தி வெச்சிருந்தேன். உரசவே இல்லே."

"வீட்டுல?"

"வீட்டுல பூஜை அறையில இருந்தது. அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊர்லேயே கிடையாது."

அது உண்மை. அந்த வீட்டில் வீட்டுப் பத்திரம், நகை, முதலியாருக்குச் சர்க்கார் கொடுத்த மெடல், எதுவானாலும் பூஜை அறையில்தான் இருக்கும். வேலைக்காரர் நுழைய மாட்டார்கள், சாவி அபரஞ்சியம்மாளின் இடுப்பில் இருக்கும். சித்திரையில் மாசிலாமணி மலையிலிருந்து வந்தபோது, கல்லைச் சோதிக்க இலாகாவின் அனுமதி வரவில்லை. இங்கே ஆள் இல்லை, வேண்டுமானால் நீயே எங்காவது பார்த்துக்கொள் என்று சொல்வதற்கே கல்கத்தாவுக்கு ஆடி முடிய வேண்டியிருந்தது. அதுவரைக்கும் கல்லை எங்கே வைப்பது? "பூஜை அறையில வைப்பா" என்றார் முதலியார். மாசிலாமணி குளித்துவிட்டு வந்து தன் கையாலேயே அனுமார் பக்கத்தில் வைத்தான். அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினான்; ஆடி முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை முதலியார் மகனைக் கூப்பிட்டார். "கல்லூரி, கல்லூரின்னு அலைஞ்சது போதும். உள்ள போய் அனுமாருக்கு ஒரு கும்பிடு போடு. பாட்டனார் காலத்துலேருந்து நம்மைக் கைவிடாத சாமி."

அந்த அனுமாருக்குக் கைகால் கிடையாது. மாசிலாமணியின் பாட்டனார் நாகபுரிப் பக்கம் காம்ட்டி ராணுவ முகாமில் கணக்கராக இருந்தவர். அந்தச் சீமையில் அனுமார் என்றால் உருவமில்லாத ஒரு கல். எண்ணெயில் குழைத்த செந்தூரத்தை வாராவாரம் அப்பி, அப்பி, ஒரு குன்றாகவே ஆகியிருக்கும். அங்கிருந்து கொண்டுவந்த கல்லும் வழக்கமும் மயிலாப்பூரில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. முதலியாருக்கு அதில் கர்வம் உண்டு.

மாசிலாமணி விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்கும்போது பலகை கண்ணில் பட்டது. அனுமாரின் அடியில் சிவப்பு வளையம் ஒன்று. அதன் பக்கத்தில் காலியிடத்தைச் சுற்றி, எண்ணெய் ஊறின இன்னொரு சிவப்பு வளையம்.

"அத்தை, இது என்னா?"

"எது? அதா? உன் கல்லு இருந்த இடம்."

"சிவப்பா இருக்குதே."

"பின்னே? சாத்தினா சிவக்காதா?"

"அந்தக் கல்லுக்கும் செந்தூரம் பூசினீங்களா?"

"என்னாடா கேள்வி இது? ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கு இலை போட்டு ஒருத்தரைப் பட்டினி போட முடியுமா? சனிக்கிழமை சனிக்கிழமை அதுக்கும் நல்லெண்ணெயில குழைச்சு ஒரு சாத்து சாத்துவேன். அது என்னமோ எண்ணெய்யை அப்படியே குடிச்சுடும், பூசினது பாதி உள்ள போயிடும். ரொம்ப தாகம் புடிச்ச சாமின்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் கேட்டு வாங்கினப்ப சுத்தமா இருந்துதே!"

"சீயக்காய் போட்டுத் தேச்சுக் குடுத்தேன். நீ வெச்ச மாதிரியே திருப்பிக் குடுக்கணுமா இல்லையா?"

அவள் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. மாசிலாமணி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரு சிட்டிகை செந்தூரத்தை இலைத் துண்டில் மடித்துக்கொண்டு இனாயத்திடம் ஓடினான். இனாயத் அதைக் கரிக்கட்டையின் குழியில் வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை அதன்மேல் ஊதினான். சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் உருகியது, குழியில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு சின்ன ஈயமணி உருண்டு நின்றது.

"இதோ உன் எழுநூறு கோடி" என்றான் இனாயத்.

கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருந்திருக்கின்றன. எண்ணெய் செந்தூரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சீயக்காய் மேலே பட்டதைத்தான் கழுவியது. இதை உள்ளபடி எழுதிவிட்டால் போதும், அறிவுள்ள எவனும் ஒப்புக்கொள்வான் என்று மாசிலாமணி நம்பினான். அன்றைக்கே துரைக்கு எழுத உட்கார்ந்தான்.

"என்னா எழுதறே?" என்று முதலியார் வந்து நின்றார். மகன் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"எழுது. வேண்டாம்னு சொல்லலே. ஆனா பூஜை அறைன்னு எழுதாதே. செந்தூரம்னு எழுதாதே. அபரஞ்சி பேரு அந்தக் காகிதத்துல வரவே கூடாது."

"அப்புறம் என்னாத்தை எழுதறது நைனா?"

"வெச்சிருந்த இடத்துல ஈயம் பட்டுடுச்சுன்னு எழுது."

"எந்த இடம், எப்படிப் பட்டுதுன்னு கேப்பாரே!"

"கேட்டா? இந்த வீட்டுப் பொம்பளைங்க என்னா சாமி கும்புடறாங்க, எப்படிக் கும்புடறாங்கன்னு கல்கத்தா கச்சேரியில வெச்சு வாசிக்கணுமா? நான் உசிரோட இருக்கறவரைக்கும் நடக்காது. அவன் சிரிப்பான்டா. நம்ம சாமியை வெச்சு, உன் அத்தையை வெச்சு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான்."

அபரஞ்சியம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தாள். "என் பேரைப் போட்டா என்னா அண்ணா? நான் திருடினேனா, பொய் சொன்னேனா? சாமிக்குச் சாத்தினேன்."

"நீ உள்ள போ அபரஞ்சி."

"பிள்ளை மூணு வருஷம் காய்ச்சல்ல கிடந்து போட்ட கோடு அண்ணா."

"உள்ள போன்னேன்."

அவள் போய்விட்டாள். முதலியார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. துரை சிரிக்கத்தான் செய்திருப்பார். குடும்பத்துப் பெண்ணின் பெயரைக் கச்சேரிக் காகிதத்தில் ஏற்றாமல் காப்பது ஆண்மக்களின் கடமை என்பதிலும் மாசிலாமணிக்குச் சந்தேகம் கிடையாது. ஆகையால் தகப்பனார் சொன்னபடியே எழுதினான். எழுதும்போதே தெரிந்தது, அது உப்பில்லாத எழுத்து என்று.

பதில் விரைவில் வந்தது. எந்த இடம், என்ன ஈயம், எப்போது, யாருக்குத் தெரியும் என்று துரை கேட்டிருந்தார். மாசிலாமணி காகிதத்தை எடுத்துக்கொண்டு தகப்பனார் முன் போய் நின்றான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "முன்னே எழுதினதையே எழுது" என்றார். எழுதினான். அதற்குமேல் துரை கேட்கவில்லை. அதுதான் மோசம். கேட்பதை நிறுத்துகிறவன் தீர்ப்பு எழுதிவிட்டான் என்று அர்த்தம்.

மலைக்குத் திரும்பிப் போய் அந்த நரம்பில் இன்னொரு படிகம் தேடலாம் என்று விண்ணப்பம் போட்டான். அந்தக் குளிர்காலத்துக்கு அவனைப் பர்மாவில் ஷான் மலைப்பக்கம் மாற்றினார்கள். போனான். யாரோ போட்ட படத்துக்கு நிறம் தீட்டிவிட்டு, மறுபடி சித்திரையில் மயிலாப்பூர் வந்தான்.

அவன் வந்த மறுவாரம் அச்சான படம் தபாலில் வந்தது. கூடத்து மேஜையில் விரித்தார்கள். மலை இருந்தது, ஓடைகள் இருந்தன, மேற்கே கறுப்புப் பாறைக்கும் கிழக்கே சாம்பல் பாறைக்கும் அவன் தீட்டிய நிறங்கள்கூட இருந்தன. நடுவே தெற்கிலிருந்து வடக்கே ஆறு வரைக்கும் அவன் கோடு விட்டுவிட்டுப் போடப்பட்டிருந்தது. ஒரு துண்டு, ஒரு இடைவெளி; ஒரு துண்டு, ஒரு இடைவெளி. அவன் கால் வைத்து நடந்த ஒவ்வொரு அடியும் ஊகம் என்று ஆகிவிட்டது. மூலையில் துரையின் பெயர் பெரிதாகவும் அவன் பெயர் சிறியதாகவும் இருந்தன.

முதலியாருக்குக் கோட்டின் சங்கதி தெரியாது. மகன் பெயரை விரலால் தடவினார். "நல்லாத்தானே வந்திருக்குது? பூஜை அறையில வைப்பா, பத்திரமா இருக்கட்டும்."

"அங்க மட்டும் வேணாம் நைனா" என்றான் மாசிலாமணி. அவ்வளவுதான் சொன்னான். பிறகு, கோடு எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினான். முதலியார் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இனாயத் வந்தான். கொஞ்ச நாளாகவே அவன் வரவு குறைந்திருந்தது. ஏன் என்று மாசிலாமணி துருவிக் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"காலேஜ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க மணி. உன் கல்லுல தங்கம் இருந்ததாம். நான் அதை எடுத்துக்கிட்டு வேற கல்லை இடிச்சு வெச்சுட்டேனாம். அதான் வயசு கோணலா வந்துதாம்."

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. யாருன்னு போய்க் கேக்கறது? விடு. வேலை போகலே. ஆனா இப்பல்லாம் தராசு அறைச் சாவி என்கிட்ட குடுக்கறதில்லே."

முதலியார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார்கள். அவர் எழுந்து, அங்கவஸ்திரத்தைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு வாசலில் அம்பி இரண்டு பேரைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். பச்சையம்மா தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பி, இங்க வாங்க."

"வந்தேன் முதலியார்வாள். மேப் வந்துடுத்தாமே! போட்டும், அந்தச் சாயபு பண்ணின காரியத்துக்கு இந்த மட்டுமாவது…"

"சாயபு ஒண்ணும் பண்ணலே."

மாசிலாமணியும் இனாயத்தும் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டார்கள். நிலைப்படிக்குப் பின்னால் அபரஞ்சியம்மாளின் புடவைத் தலைப்புத் தெரிந்தது. முதலியார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கச்சேரியில் தீர்ப்பு வாசிக்கிற குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அந்தக் கல்லுல தங்கம் கிடையாது. அதை யாரும் மாத்தலே. அதுல இருந்த ஈயம் செந்தூரத்து ஈயம். பூசினது என் தங்கச்சி அபரஞ்சி. பூசின இடம் என் பூஜை அறை. அங்க வைக்கச் சொன்னது நான்."